குரல் கொடுத்த ரங்கூன்

பொம்மலாட்டத் திரை முதல் செயற்கை நுண்ணறிவு வரை, நடிகரின் உருவமும் குரலும் சேர்ந்தும் பிரிந்தும் வந்த வரலாற்றில் தமிழருக்கும் பர்மியருக்கும் பொதுவாக ஒரு நகரம் இருக்கிறது.

1952 அக்டோபர் 17, தீபாவளி. ‘பராசக்தி’ வெளியான கொட்டகைகளில் தமிழர்கள் அதுவரை திரையில் கேட்டிராத ஒரு குரலைக் கேட்டார்கள். குரலுக்குரியவர் வி.சி.கணேசன். நாடக மேடை அவரை ஏற்கெனவே சிவாஜி கணேசன் ஆக்கியிருந்தது. அவர் ஏற்ற பாத்திரம் குணசேகரன். தங்கையின் கல்யாணத்துக்காக ரங்கூனிலிருந்து கப்பலேறி, போர்க்காலத்தில் தமிழ்நாடு வந்து சேரும் இளைஞன்.

தமிழ்த் திரையின் மிகப் பெரிய குரல், தன் முதல் படத்தில் ஒரு ரங்கூன் தமிழனின் குரலாக அறிமுகமானது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இன்று யாங்கோன் எனப்படும் அந்த நகரத்தில் தமிழ் நாடகம் நடந்தது, பர்மியக் கூத்து விடிய விடிய நடந்தது, ஊமைப்படம் பிறந்தது, வானொலி பேசியது. மேடை, இசைத்தட்டு, திரை, வானொலி, தொலைக்காட்சி என்று ஊடகம் மாறிக்கொண்டே இருந்தபோது, ஒவ்வொரு முறையும் நடிகரின் குரல் புதிய வீடு தேடிப் போனது. முகத்தை நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். குரலை எளிதாக மறந்தோம். தொலைந்தபோது பெரும்பாலும் முதலில் தொலைந்தது குரல். அடக்கியவர்கள் முதலில் அடக்கியதும் குரலைத்தான்.

கப்பலேறிய நாடகம்

1931-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ரங்கூனில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைகளில் உழைத்தவர்கள், அரசு அலுவலகக் குமாஸ்தாக்கள், லேவாதேவி நடத்திய நகரத்தார் என்று தமிழர்கள் எல்லாப் படிநிலைகளிலும் இருந்தார்கள். அன்று ஃபிரேசர் வீதி என்றும் இன்று அனவ்ரட்டா சாலை என்றும் பெயர் கொண்ட தெருவில், 1871-ல் தமிழர்கள் எழுப்பிய காளியம்மன் கோயில் இப்போதும் பூசையோடு நிற்கிறது.

இத்தனை தமிழர்கள் சம்பாதித்துக்கொண்டிருந்த ஊருக்கு நாடகக் கம்பெனி போகாமல் இருக்குமா? இலங்கை, மலாயா, பர்மா மூன்றும் தமிழ் நாடகக்காரர்கள் கடல் தாண்டிப் போன ஊர்கள். எம்.ஜி.ஆரும் இளவயதில் நாடகக் குழுவோடு ரங்கூன் போய் வந்தவர்தான். திரைச்சீலை, ஆர்மோனியம், கிரீடப் பெட்டி, பாய்ஸ் கம்பெனி என்றால் கூடவே ஒரு பட்டாளம் சிறுவர்கள் என்று கப்பலேறிய அந்தக் குழுக்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய மூலதனம் தொண்டைதான்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. இரவு தொடங்கினால் விடியும்வரை நாடகம். தரை டிக்கெட் வாங்கிக் கடைசியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும். ராஜபார்ட் நடிகரின் மதிப்பு அவர் எத்தனை கட்டை சுருதியில் நின்று பாடுகிறார் என்பதில் இருந்தது. பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்களை இரவெல்லாம் அச்சுறுத்திய சொல் ஒன்று உண்டு: மகரக்கட்டு. பதின்பருவத்தில் குரல் உடைந்தால் ஸ்திரீபார்ட் கைவிட்டுப் போகும், பாட்டு போகும், சில சமயம் பிழைப்பே போகும். மகரக்கட்டு உடைந்த பிறகு மறுபடியும் ஒரு குரலைக் கட்டியெழுப்பியவர்கள் மட்டும் நடிகர்களாக நிலைத்தார்கள். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த கணேசனும் பெண் வேடம் கட்டி, இந்த வழியில் வந்தவர். ‘பராசக்தி’யின் ஒலிவாங்கி முன் அவர் நின்றபோது பேசியது ஒரு புதுமுகத்தின் குரல் என்று படக்கணக்கு சொல்லும். ஆனால் அதற்குப் பின்னால் பல ஆண்டு மேடை இருந்தது.

அந்த மேடைக்குரல்களில் உச்சம் எஸ்.ஜி.கிட்டப்பா. 1906-ல் செங்கோட்டையில் பிறந்து, 1933-ல், 27 வயதில் மறைந்துவிட்டார். பேசும்படம் தமிழில் காலூன்றும் முன்பே போய்விட்டதால் அவர் திரையில் நடிக்கவில்லை. மேடையில் அவர் எப்படி நின்றார், எப்படித் திரும்பினார் என்பதை நாம் பார்க்க வழியில்லை. இசைத்தட்டில் குரல் மட்டும் இருக்கிறது. உடலில்லாத நடிகர் அவர். இதற்கு நேர் எதிரான ஒரு நிலையைப் பர்மியத் திரையில் காண்போம். அதற்குமுன் அவர்களுடைய பழைய மேடைக்குப் போக வேண்டும்.

திரைக்குப் பின் நின்றவர்கள்

பர்மியப் பொம்மலாட்டத்துக்கு யோக்தே என்று பெயர். மரபான தொகுதியில் 28 பொம்மைகள்: அரசன், அமைச்சர்கள், இளவரசன், இளவரசி, குதிரை, குரங்கு, யானை, பூதம். பொம்மைகளுக்குப் பின்னால் இடுப்பளவு திரை. அதன் பின்னே ஆட்டுபவர்களும் பாடிப் பேசுபவர்களும். கயிற்றை இழுப்பவர் ஒருவர், அதே பொம்மைக்குக் குரல் தருபவர் இன்னொருவர் என்று வேலை பிரிந்தும் நடந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு மரம் அசைகிறது; காதுக்கு மனிதன் அழுகிறான்; மனத்துக்குள் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இன்றைய டப்பிங் அறையில் நடப்பதும் இதேதான்.

பொம்மைக்கு இன்னொரு சலுகையும் இருந்தது. பெரியவர்கள் தரையில் அமர்ந்திருக்க, மனித நடிகர் அவர்களுக்கு மேலே உயர்ந்து நிற்கக் கூடாது என்பது பழைய மரியாதை. பொம்மைக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் மேடை முதலில் பொம்மைக்கே கிடைத்தது. அரசன் காதில் போட முடியாத செய்தியைப் பொம்மையின் வாய்வழியே போட்டார்கள் என்றும் மரபு சொல்கிறது. முகத்தை மறைத்துக்கொண்ட குரலுக்குத் துணிச்சல் அதிகம்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு தோல்பாவைக்கூத்து. நாகர்கோவில் பக்கத்தில் அதைக் காத்துவந்த கணிகர், மண்டிகர் குடும்பங்களில் ராமன், ராவணன், சீதை, அனுமன் எல்லோருக்கும் ஒரே மனிதர் பேசுவார். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சண்டை போட்டால் இரண்டு தொண்டையும் அவருடையதே. ஒரே இரவில் பத்துப் பதினைந்து குரல் மாற்றுகிறவரை ‘வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட்’ என்று யாரும் அழைத்ததில்லை. ஆனால் அந்தக் கலையின் முழு இலக்கணமும் அவர் தொண்டைக்குள் இருந்தது.

பர்மாவில் மனித நடிகர்கள் விடிய விடிய ஆடும் கூத்து ஜாத் ப்வே. அதன் பெரும் நாயகன் ஊ போ ஸெய்ன். மனித நடிகரைத் தரையிலிருந்து மேடைக்கு ஏற்றிய பெருமை அவருக்குத் தரப்படுகிறது. ஜாத் ஆட்டக்காரர்கள் பொம்மையின் அசைவுகளைக் கற்று, கயிற்றில் தொங்குவதுபோலவே ஆடிக் காட்டுவார்கள். பொம்மையிடமிருந்து உடலைப் பெற்ற நடிகர், குரலை மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்தார். சைங் வைங் என்னும் வட்ட முரசுக் குழு அவருக்குப் பக்கபலம்.

ஒலியில்லாத மரகதக் காடு

பர்மாவின் முதல் கதைப்படம் 1920 அக்டோபர் 13 அன்று ரங்கூனில் திரையிடப்பட்டது. எடுத்தவர் ஓன் மாவுங். குடியும் சூதும் ஒரு மனிதனைக் குலைக்கும் கதை. நாயகன் ஞீ பூ நாட்டின் முதல் திரை நடிகராகப் போற்றப்படுகிறார். அக்டோபர் 13 இன்றும் மியான்மரில் திரைப்பட நாள். தமிழ்நாட்டில் நடராஜ முதலியார் ‘கீசகவதம்’ எடுத்ததும் ஏறத்தாழ இதே காலத்தில்தான்.

ஊமைப்படம் உண்மையில் ஊமையாக ஓடியதில்லை. தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, எழுத்தட்டைகளை வாசித்தும், நடப்பதை விளக்கியும், தாமே வசனம் சேர்த்துப் பேசியும் படத்தை நடத்தினார் என்று சு.தியடோர் பாஸ்கரன் பதிவு செய்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அவர்தான் படம். அப்படி எத்தனையோ பேர் பேசியிருப்பார்கள். ஒருவர் குரல்கூட இன்று இல்லை.

பேச்சு வந்ததும் பர்மியரும் தமிழரும் ஒரே ஊருக்குத்தான் போனார்கள். 1931 மார்ச்சில் பம்பாயில் இந்தியாவின் முதல் பேசும்படம் ‘ஆலம் ஆரா’ வெளியானது. அதே ஆண்டு அக்டோபர் 31-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ பம்பாயில் எடுக்கப்பட்டது, நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழ் பேச, நாயகன் தெலுங்கு பேசினார். 1932-ல் டோக் ஜீ இயக்கிய முதல் பர்மியப் பேசும்படமும் பம்பாயில்தான் உருவானது. சென்னைக்கும் ரங்கூனுக்கும் சொந்தமாக ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில், இரண்டு மொழிகளும் தங்கள் திரைக்குரலைப் பம்பாயில் பெற்றன.

கருவியின் விலை பர்மியரை நீண்ட காலம் ஊமைப்படத்திலேயே நிறுத்தி வைத்தது. பேசும்படம் வந்த பிறகும் அங்கே ஊமைப்படங்கள் வந்துகொண்டிருந்தன. அப்படி 1934-ல் ஏ ஒன் டின் மாவுங் எடுத்த படம் ‘ம்யா கனய்ங்’, மரகதக் காடு. இன்று எஞ்சியிருக்கும் பர்மியக் கதைப்படங்களில் இதுவே மிகப் பழையது. இத்தாலியில் செப்பனிடப்பட்டு, 2016-ல் மீண்டும் திரைக்கு வந்தது. நடிகர்களின் கண் அசைவு, கை அசைவு, நடை எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவர்கள் வாய் அசைகிறது. என்ன குரல் என்று தெரியாது.

கிட்டப்பாவுக்குக் குரல் மிஞ்சியது, உருவம் இல்லை. ‘ம்யா கனய்ங்’ நடிகர்களுக்கு உருவம் மிஞ்சியது, குரல் இல்லை. ‘காளிதாஸ்’ ராஜலட்சுமிக்கு இரண்டுமே மிஞ்சவில்லை, படச்சுருள் அழிந்துவிட்டது. வங்கக் கடலின் இரு கரைகளிலும் நாம் சேர்த்து வைத்திருப்பது பாதிப் பாதி நடிகர்களை.

குண்டு விழுந்த நகரம்

1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த மாதங்களில் பர்மா இந்தியர்களில் நான்கைந்து லட்சம் பேர் வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காடு மலை தாண்டி நடந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திய வெ.சாமிநாத சர்மா அந்த நடைப்பயணத்தைப் புத்தகமாக எழுதினார்.

திரையும் இதைத் தன் வழியில் சொன்னது. அரசாங்கம் போர்ப் பிரசாரப் படங்களைக் கேட்ட காலத்தில், 1945-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் ‘பர்மா ராணி’ எடுத்தார். ஏழாண்டு கழித்து ‘பராசக்தி’ அதே பேரழிவை ஒரு குடும்பத்தின் கதையாக்கியது. மூன்று அண்ணன்மார் ரங்கூனில், ஒரே தங்கை மதுரையில். கப்பலில் வந்த குணசேகரன் ஏமாற்றப்பட்டுத் தெருவுக்கு வருகிறான். நடந்து வந்த ஞானசேகரன் கால் இழந்து பிச்சைக்காரர்களோடு சேர்கிறான். அந்த வேடம் எஸ்.எஸ்.ராஜேந்திரனுக்கு. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்துக்கு மு.கருணாநிதி எழுதிய வசனம் அது. கொட்டகையில் இருந்தவர்களில் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை ஒரு நடிகர் மூச்சு விடாமல் பேசினார்.

படம் தொடங்கியபோது புதுமுகத்தை மாற்றிவிடலாம் என்று ஏவி.மெய்யப்பன் நினைத்தார். தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குத் தமிழ்நாடு கடன்பட்டிருக்கிறது. நீதிமன்றக் காட்சி வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிக்காட்டுவது ஒரு தலைமுறை இளைஞர்களுக்குத் தேர்வாயிற்று. வசனப் புத்தகம் விற்றது. வசனம் இசைத்தட்டில் ஏறியது. திருமணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் கூம்பு ஒலிபெருக்கி அதைப் பேசியது. படம் பார்க்காதவர்களுக்கும் குரல் தெரிந்தது. பிற்காலத்தில் வானொலி ‘ஒலிச்சித்திரம்’ என்று ஒரு மணி நேரத்துக்குப் படத்தின் ஒலியை மட்டும் வெட்டித் தொகுத்துக் கொடுத்தபோது, கண்ணை மூடிக்கொண்டு படம் பார்க்கத் தமிழருக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

ஆனால் அதே ‘பராசக்தி’யில் சிவாஜி பாடியதாக நாம் பார்ப்பவை சி.எஸ்.ஜெயராமன் பாடியவை. பேச்சு ஒருவருடையது, பாட்டு மற்றவருடையது. இரண்டுக்கும் உடல் ஒன்று. இந்த ஏற்பாட்டை நாம் துளி நெருடலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டோம்.

ரங்கூன் பெற்ற இன்னொரு கலைஞர் வாழ்க்கையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1938-ல் ரங்கூனில் பிறந்தவர் ஹெலன். போரில் தந்தையை இழந்து, 1943-ல் தாயோடு அஸ்ஸாம் வரை நடந்து வந்த சிறுமி. பிறகு கல்கத்தா, பம்பாய், கூட்ட நடனம், கடைசியில் ஒரு பாட்டு. 1958-ல் வந்த ‘ஹவுரா பிரிட்ஜ்’ படத்தில் அவர் ஆடிய அந்தப் பாட்டு அவரை நாடறியச் செய்தது. அந்தப் படத்தின் கதாநாயகனும் ரங்கூனிலிருந்து கல்கத்தா வருபவன். பாட்டுக்குக் குரல் கீதா தத். அதே 1958-ல் தமிழில் ‘உத்தமபுத்திரன்’ படத்தின் புகழ்பெற்ற நடனப் பாட்டில் சிவாஜியோடு ஹெலன் ஆடினார். கதைக்காக ரங்கூன்காரர் ஆனவரும் உண்மையிலேயே ரங்கூனில் பிறந்தவரும் ஒரே சட்டத்தில் நின்ற காட்சி அது. இருவர் பாட்டுக்கும் குரல் வேறு ஆட்களுடையது.

ரங்கூன் என்றாலே தூரத்திலிருந்து வரும் குரல் என்று இந்தியத் திரை எண்ணிய காலமும் உண்டு. 1949-ல் வந்த ‘பதங்கா’ இந்திப் படத்தில் ரங்கூனிலிருந்து கணவன் தொலைபேசியில் மனைவியோடு பேசுவதாக ஒரு பாட்டு. ஷம்ஷாத் பேகமும் சி.ராமச்சந்திராவும் பாடினார்கள். போரில் பிரிந்த குடும்பங்கள் நிறைய இருந்த காலத்தில் அந்த வேடிக்கைப் பாட்டு இந்தியா முழுவதும் ஒலித்தது.

பிரதமர் எழுதிய நாடகம்

சுதந்திர பர்மாவின் முதல் பிரதமர் ஊ நூ எழுத்தாளர். பிரதமராக இருக்கும்போதே, 1950-ல் ஒரு நாடகம் எழுதினார். ஆயுதப் புரட்சியால் ஆட்சியைப் பிடிப்பது தவறு, வாக்குச்சீட்டே வழி என்பது அதன் செய்தி. அந்த நாடகம் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பஸடீனா மேடையில் ஏறியது. அமெரிக்க நிறுவனம் ஒன்று பர்மாவுக்கு வந்து அதைப் படமாக எடுத்தது. பள்ளிகளில் பாடமாகவும் வைத்தார்கள். ஒரே கதை மேடையிலும் புத்தகத்திலும் திரையிலுமாக மக்களிடம் போயிற்று.

கடலின் இந்தக் கரையில் அதே ஆண்டுகளில் அண்ணாவும் கருணாநிதியும் செய்துகொண்டிருந்தது வேறு கொள்கைக்காக, ஆனால் இதே வேலையைத்தான். நாடகம் எழுதிய ஊ நூ பிரதமர். வசனம் எழுதிய கருணாநிதி 1969-ல் முதலமைச்சர். நடிகர் குரலின் வழியே அரசியலைச் சொன்னால் அது வீட்டுத் திண்ணை வரை போகும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. வானொலியும் அப்போது துணைக்கு வந்திருந்தது. பர்மா ஒலிபரப்பு 1946-ல் ரங்கூனில் தொடங்கியது. மியான்மரின் திரை விருதான அகாடமி விருது 1952-ல், ‘பராசக்தி’ வந்த அதே ஆண்டில், தொடங்கியது.

1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக, தமிழர்கள் மறுபடியும் கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார், ஊர் ஊராக எழுந்த பர்மா காலனிகள், தள்ளுவண்டி அத்தோ நூடுல்ஸ் எல்லாம் அப்போது வந்தவை. தமிழ் நாடகத்துக்கும் தமிழ்ப் படத்துக்கும் ரங்கூனில் இருந்த பெரிய ரசிகர் கூட்டம் கலைந்தது.

பர்மியக் கலைஞர்கள் தணிக்கைக்குள் வேலை செய்தார்கள். வின் ஊ நடித்தார், இயக்கினார், பாடினார், எழுதினார், பதிப்பித்தார். 1972-ல் 37 வயதில் இறந்தார். இத்தனை ஊடகங்களில் ஒரே குரலைக் கேட்ட தலைமுறை அவரை இன்னும் மறக்கவில்லை. அவர் இறந்த அடுத்த ஆண்டு மாவுங் வுன்னா எடுத்த படம், ஊர் ஊராகப் போகும் ஜாத் குழுவின் முரசுக்காரனுக்கும் ஆட்டக்காரிக்கும் இடையிலான காதலைச் சொல்கிறது. அவள் சினிமாவுக்குப் போய் நட்சத்திரமாகிறாள். அவன் முரசோடு இருக்கிறான். மேடையிலிருந்து திரைக்குப் போகிறவர் எதை விட்டுவிட்டுப் போகிறார் என்ற கேள்வியை அவ்வளவு நேர்மையாகக் கேட்ட ஆசியப் படங்கள் குறைவு.

சிரிப்புக்கு ஏழாண்டுச் சிறை

அஞ்யெய்ன் என்பது பர்மியரின் இன்னொரு மேடை வடிவம். ஒரு பெண் ஆடிப் பாடுவாள். நடனத்துக்கு நடுவில் கோமாளிகள் வந்து ஊர் நடப்பைக் கிண்டல் செய்வார்கள். நம் நாடகத்து பபூனுக்கு இருந்த உரிமை அவர்களுக்கும் உண்டு. எழுதி வைக்காமல் பேசுவதால் தணிக்கைக்காரர் கையில் காகிதம் எதுவும் சிக்காது.

அதனால்தான் அவர்களையே பிடித்தார்கள். 1996 ஜனவரி 4, சுதந்திர நாள். யாங்கோனில் ஆங் சான் சூ கீ வீட்டில் நிகழ்ச்சி நடத்தினார்கள் மாண்டலேயின் ‘மீசைச் சகோதரர்கள்’ என்னும் அஞ்யெய்ன் குழுவினர். அதில் ராணுவ ஆட்சியைக் கேலி செய்த பார் பார் லேவுக்கு ஏழாண்டு சிறை. வெளியே வந்த பிறகும் ஊர் ஊராகப் போய் நடத்தத் தடை. அவர்கள் மாண்டலேயில் தங்கள் வீட்டு முன்கூடத்திலேயே, வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஆங்கிலம் கலந்து நிகழ்ச்சி நடத்தினார்கள். சொந்த மொழியில் சொந்த மக்கள் முன் பேசத் தடை விதிக்கப்பட்ட நடிகர்கள் அவர்கள்.

மேடை, திரை, தொலைக்காட்சி மூன்றிலும் பேர் வாங்கிய நகைச்சுவைக் கலைஞர் ஸர்கனார் 2008-ல் நர்கிஸ் புயல் பாதித்தவர்களுக்கு உதவி கொண்டுபோனார். அரசின் மெத்தனத்தை வெளிநாட்டு ஊடகங்களில் பேசினார். தண்டனை 59 ஆண்டு. பிறகு 35 ஆகக் குறைந்தது. 2011 அக்டோபரில் விடுதலையானதும் தோழர்களோடு சேர்ந்து, 2012 ஜனவரியில் யாங்கோனில் சுதந்திரக் கலைத் திரைவிழா நடத்தினார். சில ஆண்டுகளுக்கு அந்த நகரத்தில் குரல்கள் திரும்பின.

2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. தெருவில் இறங்கிய நடிகர்கள் மீது பிடியாணை பாய்ந்தது. நடிகர் பாய்ங் தக்கோனுக்கு மூன்றாண்டு தண்டனை விதிக்கப்பட்டு அடுத்த ஆண்டு விடுதலை. பியாய் டீ ஊ, எய்ந்த்ரா கியாவ் ஸின் என்னும் நட்சத்திரத் தம்பதியும் சிறை சென்று வந்தார்கள். பலர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். நடிகரின் குரலுக்கு மக்களிடம் எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை அதிகாரம் எப்போதும் சரியாகவே கணக்கிட்டு வைத்திருக்கிறது.

குரல் யாருக்குச் சொந்தம்?

அதிகாரம் கணக்கிட்ட மதிப்பைக் கலைத்துறை கணக்கிட்டதா? நம் பக்கம் பார்ப்போம். ஒரு மொழிப் படத்தை இன்னொரு மொழியில் பேசவைத்த முதல் இந்திய முயற்சியாகச் சொல்லப்படுவது 1944-ல் ஏவி.மெய்யப்பன் கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழாக்கியது. அன்றிலிருந்து தமிழ்த் திரை டப்பிங் கலைஞர்களின் தோளில் நடக்கிறது. சிவாஜியின் தெலுங்குக் குரல் கொங்கர ஜக்கையா. ‘காந்தி’ படத்தின் தெலுங்கு வடிவத்தில் பென் கிங்ஸ்லிக்குப் பேசியவர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம். மோகன் நடித்த பல வெற்றிப் படங்களில் நாம் கேட்டது எஸ்.என்.சுரேந்தரின் குரல். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’விலும் ‘96’-லும் த்ரிஷாவின் முகத்தை உருக்கமாக்கியதில் பாதிப் பங்கு சின்மயிக்கு.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய கதை மலையாள ‘மணிச்சித்ரதாழ்’ படத்துடையது. ஷோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த அந்த 1993 படத்தில், தமிழ் பேசும் நாகவல்லி பாத்திரத்தின் குரலைத் தந்தவர் துர்கா என்னும் தமிழ் டப்பிங் கலைஞர். உலகம் அதை மலையாள டப்பிங் கலைஞர் பாக்யலட்சுமியின் குரல் என்றே நம்பியிருந்தது. இயக்குநர் ஃபாசில் 2016-ல் சொன்ன பிறகுதான் உண்மை பரவலாகத் தெரிந்தது. கேரளமே நடுங்கிய ஒரு குரலுக்கு இருபது ஆண்டுக்கும் மேல் பேர் இல்லை.

இப்போது கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. 2024-ல் வந்த ‘லால் சலாம்’ படத்தின் பாட்டு ஒன்றில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் செயற்கை நுண்ணறிவு மூலம் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதாகவும் ஊதியம் தந்ததாகவும் சொன்னார். அதே ஆண்டு ‘கோட்’ படத்தில் மறைந்த பவதாரிணியின் குரலும் இதே வழியில் வந்தது. அமெரிக்காவில் 2023-ல் நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தது. 2024 ஜூலையில் வீடியோ கேம்களுக்குக் குரலும் அசைவும் தரும் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எங்கள் குரலை எங்களைக் கேட்காமல் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்காதே என்பது அவர்கள் கோரிக்கையின் சாரம். ஊமைப்படக் காலத்தில் நடிகருக்குக் குரல் இல்லாமல் போயிற்று. இந்தக் காலத்தில் குரல் இருக்கும், நடிகர் இல்லாமல் போவார்.

பொம்மைக்குக் குரல் தந்த பர்மியக் கலைஞருக்கும் பொம்மைக்கும் நடுவில் ஓர் உடன்பாடு இருந்தது: திரைக்குப் பின்னால் உயிருள்ள ஒருவர் நிற்கிறார் என்பது கூடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்த அறிதலைத்தான் நாம் காக்க வேண்டும். செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. நடிகர் பேருக்குப் பக்கத்திலேயே அவருக்குக் குரல் தந்தவர் பேரையும் படத்தின் தொடக்கத்தில் போடலாம். மறைந்தவர், இருப்பவர் யாருடைய குரலானாலும் எழுத்தில் சம்மதம், பேசிய ஊதியம், திரையில் அறிவிப்பு மூன்றும் இல்லாமல் இயந்திரத்துக்குக் கொடுப்பதில்லை என்று சங்கங்களும் தயாரிப்பாளர்களும் ஒப்பந்தம் போடலாம். பழைய இசைத்தட்டுகளையும் வானொலி நாடகச் சுருள்களையும் இருக்கும் இடம் தேடி எண்ணிமப்படுத்தலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவசரமான ஒன்று இருக்கிறது. 1960-களில் ரங்கூனிலிருந்து சிறுவர்களாக வந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் நம் பர்மா காலனிகளில் இருக்கிறார்கள். அங்கே பார்த்த தமிழ் நாடகம், ஜாத் ப்வே, கொட்டகை, வானொலி எல்லாம் அவர்கள் நினைவில் இருக்கின்றன. தமிழும் பர்மியமும் கலந்த அந்தப் பேச்சே ஓர் ஆவணம். 2017-ல் ‘ரங்கூன்’ என்ற தமிழ்ப் படம் அவர்கள் காலனி வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. அவர்கள் குரலை அவர்கள் வாயாலேயே பதிவு செய்யும் வேலை இன்னும் பெரிதாக மிச்சமிருக்கிறது. பல்கலைக்கழகங்களின் நாட்டுப்புறவியல் துறைகளும் இதழியல் மாணவர்களும் கையிலுள்ள தொலைபேசியோடு இந்த மாதமே தொடங்கலாம். கிட்டப்பாவைப் பார்க்க முடியாதது நம் தலைமுறையின் குற்றமல்ல. பக்கத்துத் தெருவில் இருப்பவரைக் கேட்காமல் விட்டால் அது நம் குற்றம்தான்.